ஏர்கன் பேரலைத் தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள்

போன மாதம் மட்டும் 3 ஏர்கன்கள், அதாவது காற்றால் சுடும் துப்பாக்கிகள், ஒரே கோளாறோடு என் பட்டறைக்கு வந்துவிட்டன. மூன்றாவதாக வந்தது ஜூனியர் பிரிவில் சுடும் ஒரு பெண்ணுடைய 10 மீட்டர் மேட்ச் ரைஃபிள், மாவட்டப் போட்டிக்கு 9 நாள்தான் பாக்கி. "அண்ணே, உள்ளே பாருங்க, கண்ணாடி மாதிரி பண்ணிட்டேன்" என்று அவள் அப்பா நீட்டினார். கண்ணாடி மாதிரியேதான் இருந்தது. சைக்கிள் ஸ்போக் கம்பியில் துணியைச் சுற்றி, காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைத் தடவி, டிரில்லில் மாட்டி, குண்டு வெளியே வரும் வாய்ப் பக்கமாகவே பேரலுக்குள், அதாவது சுடுகுழலுக்குள், விட்டு ஓட்டியிருக்கிறார். மகளுக்காக இரண்டு ராத்திரி கண் விழித்துச் செய்த வேலை, அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

வைஸில் பிடித்து 5 பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, சுட்டுப் பார்த்தேன். முன்பு ஐந்தையும் 7 மில்லிமீட்டருக்குள் போட்ட ரைஃபிள் அது. இப்போது ஒரு ரூபாய் நாணயத்துக்குள்கூட அடங்கவில்லை. இந்தப் போட்டியில் 10 மார்க் புள்ளியின் அகலமே அரை மில்லிமீட்டர்தான், நினைத்துப் பாருங்கள்.

உள்ளே பளபளப்பாக இருந்தால் குண்டு வழுக்கிக்கொண்டு வேகமாகப் போகும் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, வாரம் ஒருவராவது என்னிடம் இதைச் சொல்கிறார். பேரல் தண்ணீர்க் குழாய் இல்லை. உள்ளே சுருளாக ஓடும் புரிகள் இருக்கின்றன, அவற்றின் உயரம் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்தான். அந்த விளிம்புகள் ஈயத்தைக் கவ்விப் பிடித்தால்தான் பெல்லட் சுழலும், சுழன்றால்தான் நேராகப் போகும். நீங்கள் பாலிஷ் போட்டுத் தேய்ப்பது அழுக்கை இல்லை, அந்த விளிம்பை. அதோடு பல நல்ல பேரல்களில் வாய்க்குக் கொஞ்சம் முன்னால் துளை மிக லேசாக இறுகும், சோக் என்போம். பின்பக்கமிருந்து ஒரு பெல்லட்டை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் மெல்லத் தள்ளினால் கடைசியில் அந்த இறுக்கம் கையில் தட்டுப்படும். அந்தப் பெண்ணின் ரைஃபிளில் அப்படித் தள்ளினேன், எங்கேயும் பிடிக்காமல் ஓடி வந்து மேசையில் விழுந்தது.

சரி, வாய்? அங்கே ஒரு இயர்பட்ஸை நுழைத்துச் சுற்றிப் பாருங்கள். பிசிறு இருந்தால் பஞ்சு நூல் நூலாக மாட்டும். இதில் ஒரு பக்கம் முழுக்க மாட்டியது, கம்பி உரசிய இடம் அது. பெல்லட்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்புகிற இடத்திலேயே காயம் பட்டால் குறி எங்கே நிற்கும்?

ராணுவத்தில் தினமும் துப்பாக்கி துடைப்பார்களே என்பார்கள். அது வெடிமருந்தும் செம்பு உறை போட்ட குண்டும் போகிற பேரல், கரியும் துருவும் பிடிக்கும். நம்முடையதில் காற்றும் மெத்தென்ற ஈயமும்தான் போகின்றன, பேரல் இரும்பும் மென்மையானது. லேசாக ஈயம் படிவதால் கெடுதல் இல்லை, நன்றாகத் துடைத்த பேரல்கூட 20, 30 குண்டு போன பிறகுதான் நிலைக்கு வரும். குண்டுகள் குறி அட்டையில் சிதற ஆரம்பித்தால் துடையுங்கள், கை சும்மா இருக்கிறதே என்று துடைக்காதீர்கள்.

துடைக்க எது போதும்? பெல்லட் உள்ளே இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பை மடித்து, இரண்டு முனைகளையும் பின்பக்கத்திலிருந்து விட்டு, பின்னால் நிற்கும் மடிப்பில் பழைய பனியன் துணியின் சின்னத் துண்டை மாட்டி, வாய்ப் பக்கமாக ஒரே வீச்சில் இழுங்கள். துணி வெளுப்பாக வரும்வரை, அவ்வளவுதான். ஸ்பிரிங் துப்பாக்கியில் பேரலை மடக்கித் திறந்து வைத்துத் துடைக்கிறவர்களே, ட்ரிகர் நழுவினால் பேரல் சட்டென்று மேலே அடிக்கும், விரல் போய்விடும். ஒரு கை பேரலை விடவே கூடாது.

எண்ணெய் ஊற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் காற்றை நசுக்கும் சூட்டில் உள்ளே போன மிஷின் ஆயில் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும். டமார் என்று சத்தம் கேட்டதும் 'பவர் கூடிடுச்சு' என்று சந்தோஷப்படுவார்கள், வாஷர் கருகி, ஸ்பிரிங் உடைந்து அப்புறம் என்னிடம் வருவார்கள். 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பும் சிலிண்டர் துப்பாக்கியில் பெட்ரோலிய எண்ணெய் வைத்து விளையாடுவது உயிரோடு விளையாடுவது. இன்னொன்று, துடைத்த துணியில் இருப்பது ஈயம். குப்பையில் போட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு டீ குடியுங்கள். குழந்தைகளிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த ரைஃபிளின் வாயை லேத்தில் மெல்லச் சீவிச் சரிசெய்தேன், பிசிறு போனது. போன சோக்கைத் திரும்ப வைக்க என்னால் முடியாது. புதுப் பேரலுக்குச் சொல்லியிருக்கிறோம், அதுவரை அந்தப் பெண் கிளப் துப்பாக்கியில் சுடுகிறாள். கன்னக்கட்டை அவளுக்கு உயரமாக இருக்கிறது, கழுத்தை வளைத்துக்கொண்டு சுடுகிறாள்.