தாத்தா வாட்ச் மாதிரி, ஆனால் புதுசு

"தாத்தா கட்டியிருந்த மாதிரி வேணும், ஆனா புதுசா இருக்கணும்." கல்யாணத்துக்கு வாட்ச் தேடும் பையன்கள் என் கடையில் இப்படித்தான் கேட்கிறார்கள். ஹெச்எம்டி ஜனதாவைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய ஜனதா என்று வருவதில் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவை நிறைய. அதனால் பழைய சாயலில் புதிதாகவே வரும் இரண்டை எடுத்துக் காட்டுவேன்: ஓரியண்ட் பாம்பினோ, 34 மி.மீ டைமெக்ஸ் மார்லின்.

முதலில் கையை நீட்டச் சொல்வேன். பாம்பினோ 40.5 மி.மீ. டயல் விளிம்புவரை பரந்து கிடப்பதால், ஒல்லியான மணிக்கட்டில் தோசைக்கல் மாதிரி உட்காரும். 38 மி.மீ வகையும் இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள். 1960-களின் ஆண்கள் வாட்ச் அளவு மார்லினுடையதுதான். "லேடீஸ் வாட்சா அண்ணே?" என்று கேட்டவர்களும் உண்டு!

மார்லினுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். திருகும்போது விரலுக்குக் கெட்டியாகப் பட்டதும் நிறுத்திவிடுங்கள். பாம்பினோ ஆட்டோமேட்டிக், கை அசைவிலேயே ஏறிக்கொள்ளும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் சுமார் 40 மணி நேரம் ஓடி, ஞாயிறு மதியம் நின்றிருக்கும். அது ரிப்பேர் இல்லை. நாளுக்குச் சில விநாடி முன்பின் ஓடுவதும் ரிப்பேர் இல்லை. செல் வாட்ச் பழகியவர்களுக்கு இதை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ஒரு விஷயம்: ஆரம்பகாலப் பாம்பினோக்களில் கையால் சாவி கொடுக்க வழியே இல்லை. ஏறவில்லையே என்று போட்டுத் திருகாதீர்கள்.

பாம்பினோவில் தேதி உண்டு, வம்பும் அங்கேதான். இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணிவரை தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் மாட்டிய நிலையில் இருக்கும். அப்போது தேதியை மாற்றினால் பல் தேய்ந்துபோகும், சில சமயம் உடைந்தே போகும். முட்களை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் தேதியைத் தொடுங்கள். மார்லினில் தேதியே கிடையாது. எனக்கு அது பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன மழைக்காலத்தில் ஒருவர் கிளாஸுக்குள் ஆவி படர்ந்த வாட்ச்சோடு வந்தார். பின்மூடியைத் திறந்தால் மெஷினில் துரு. "30 மீட்டர்னு போட்டிருக்கே சார், குளிக்கும்போதுதானே கட்டியிருந்தேன்?" அது இந்த இரண்டில் ஒன்றல்ல, ஆனால் இரண்டுக்கும் அதே 30 மீட்டர்தான். அந்த எண் சோதனை அழுத்தத்தைச் சொல்வது, முங்கும் ஆழத்தை அல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். வெந்நீர்க் குளியலுக்கும் கிணற்றுக்கும் கழற்றி வையுங்கள்.

மார்லின் கிளாஸ் அக்ரிலிக். சீக்கிரம் கீறும், ஆனால் மெல்லிய கீறலைப் பற்பசை தொட்டுத் துணியால் தேய்த்தாலே எடுத்துவிடலாம். பாம்பினோவின் மினரல் கிளாஸ் லேசில் கீறாது, கீறினால் மாற்றத்தான் வேண்டும். அது குமிழ்போல் மேலெழும்பி நிற்பதால் நிலைக்கதவில் இடிபடுவதும் அதுதான்.

வார் விஷயத்தில் மார்லின் சுலபம், 18 மி.மீ எந்தக் கடையிலும் கிடைக்கும். 40.5 மி.மீ பாம்பினோ பலவற்றுக்கு 21. இங்கே கைக்குக் கிடைப்பதெல்லாம் 20, 22. முதலாவது போட்டால் பக்கத்தில் இடைவெளி தெரியும், இரண்டாவதைத் திணித்தால் தோல் மடங்கும். ஆன்லைனில் 21 என்று தேடி வாங்கி எடுத்து வாருங்கள், மாட்டித் தருகிறேன்.