என்எக்ஸ்டொமைன்: தமிழில் 'இல்பெயர்'

இணையப் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரிடம் ஒரு பெயரைக் கேட்கிறோம். அப்படியொரு பெயரே கிடையாது என்றால் அது தரும் விடைதான் என்எக்ஸ்டொமைன். பெயர் இருந்து, கேட்ட விவரம் மட்டும் பதியப்படாமல் இருந்தால் இந்த விடை வராது, வெற்று விடைதான் வரும். இரண்டையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது.

'என்எக்ஸ்' என்பது 'நான்-எக்ஸிஸ்டென்ட்' என்பதன் சுருக்கம். 1987இல் வெளியான ஆர்எஃப்சி 1035 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த விடைக்கு 3 என்ற எண்ணைத் தந்து 'நேம் எரர்' என்றது. 1997இன் ஆர்எஃப்சி 2136இல் என்எக்ஸ்டொமைன் என்றே இருக்கிறது. புழக்கத்தில் நிலைத்ததும் அதுதான், நல்லதாயிற்று. எரர் என்றால் சர்வர் தவறியதுபோல் ஒலிக்கிறது; சர்வரோ உண்மையைத்தான் சொல்கிறது.

அந்த உண்மையை மறைத்தவர்களும் உண்டு. 2003 செப்டம்பரில், டாட் காம், டாட் நெட் பதிவேடுகளை நடத்தும் வெரிசைன் நிறுவனம், அவற்றில் பதியப்படாத பெயர்களுக்கெல்லாம் தன் தேடல் பக்கத்தின் முகவரியை விடையாகக் கொடுத்தது. இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு வற்புறுத்திய பிறகு அக்டோபரில் நிறுத்தியது. சில இணையச் சேவை நிறுவனங்களும் விளம்பரத்துக்காக இதே வழியில் போயின. இதைக் கண்டறியத்தான் குரோம் பிரவுசர், திறக்கும்போதும் இணைப்பு மாறும்போதும், 7 முதல் 15 எழுத்துள்ள பொருளற்ற பெயர்கள் மூன்றைக் கேட்டுப் பார்த்தது. மூன்றுக்கும் என்எக்ஸ்டொமைன் வந்தால் வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று பொருள். டாட் காம் போன்ற பின்னொட்டு எதுவும் அந்தப் பெயர்களில் இல்லாததால் அவை நேரே டிஎன்எஸ் அடுக்கின் உச்சியிலுள்ள ரூட் சர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. 2020இல் ரூட் சர்வர்களுக்கு வந்த கேள்விகளில் ஏறத்தாழ பாதி இவைதாம். அந்த ஆண்டின் இறுதியில் குரோம் இந்தச் சோதனையைக் கைவிட்டதும் கூட்டம் வெகுவாகக் குறைந்தது.

தமிழில் 'பெயர்ப்பிழை' என்றால் எழுத்துப்பிழை என்றே படும். 'இல்பெயர்' பொருந்தும். உலகில் இல்லாத பொருளை உவமையாக்குவதை அணியிலக்கணம் 'இல்பொருள் உவமை' என்கிறது. அதே 'இல்' இங்கும் நிற்கிறது. வீட்டின் பெயர் என்று மயங்க இடமுண்டுதான், ஆனால் 'இல்பெயர் விடை' என்று சேர்த்து எழுதினால் அந்த மயக்கம் வராது.

ஒரே கணினிக்கு இல்பெயர் விடைகள் திடீரெனக் குவிந்தால் தீநிரலையும் சந்தேகிக்க வேண்டும். 2008இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற தீநிரல் நாளுக்கு 250 பெயர்களைத் தானே உருவாக்கி, தனக்குக் கட்டளை தரும் சர்வரைத் தேடியது. அவற்றில் பெரும்பாலானவை இல்பெயர்கள்.