மேசையில் சும்மா கிடக்கும் பொருள் சும்மா இருப்பதில்லை

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். படிக்கிற மேசையில் பயிற்சித்தாள்கள் ஓர் அடுக்கு, பாதி குடித்த மைலோ, மூன்று பென்சில் பெட்டிகள், பிறந்தநாளுக்கு யாரோ தந்த பொம்மை. "எடுத்து ஒதுக்கி வை என்றால், 'நான் அதையெல்லாம் பார்க்கவே இல்லையே அம்மா' என்கிறாள். யார் சொல்வது சரி?"

மகள் பொய் சொல்லவில்லை. அவள் பார்க்கவில்லைதான். ஆனால் பார்க்காமல் இருப்பதற்கே அவளுடைய மூளை வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது, நான் படித்த நரம்பியலிலேயே மிக அழகான கதை.

ஒளி விழித்திரையில் விழுகிறது, பார்வை நரம்பு வழியாக மூளையின் பின்பகுதிக்குப் போகிறது. இது பள்ளியில் படித்ததுதான். அதற்கு அப்புறம்தான் சுவை. அந்தப் பின்பகுதியிலிருந்து செய்தி படிப்படியாக முன்னே நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் உள்ள ஒவ்வொரு நரம்புச் செல்லுக்கும் உலகத்தைப் பார்க்க ஒரு சன்னல் உண்டு. அந்தச் சன்னலுக்குள் வருவது மட்டுமே அதற்கு உலகம். முதல் படியில், பார்வையின் நடுப்பகுதிக்கான சன்னல் மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் தெரியும் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இராது. மேலே போகப் போக அது அகலும். பொருளை இன்னதென்று அடையாளம் காணும் மேல்படியில், நீட்டிய கையின் விரல்களை அகல விரித்தால் எவ்வளவு மறையுமோ அந்த அளவை எட்டுவதும் உண்டு.

சிக்கல் இங்கேதான். சன்னல் பெரிதானால் அதற்குள் ஒரே நேரத்தில் பல பொருள்கள் விழும். செல்லுக்கோ வாய் ஒன்றுதான். அது எதைப் பற்றிப் பேசும்?

இரண்டையும் கூட்டிச் சொல்லும் என்றுதான் நாம் நினைப்போம். ஒரு செல் சிவப்புக் கோட்டைக் கண்டால் நொடிக்கு 50 முறை துடிக்கிறது, பச்சைக் கோட்டைக் கண்டால் 10 முறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் 60 வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், 30-ஐ ஒட்டி ஏதோ ஓர் எண் வருகிறது. அதாவது பச்சை தன் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை. சிவப்பின் குரலைக் கீழே இழுத்துவிட்டது. அருகருகே கிடக்கும் பொருள்கள் ஒன்றையொன்று அமுக்குகின்றன.

1985-இல் அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் ஜெஃப்ரி மோரன், ராபர்ட் டெசிமோன் இருவரும் குரங்குகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பழக்கப்படுத்திய குரங்கு, கண்ணை அசைக்காமல் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு செல்லின் சன்னலுக்குள் அதற்குப் பிடித்த உருவம் ஒன்று, பிடிக்காதது ஒன்று. பிடித்ததைக் கவனி என்று குரங்குக்கு உணர்த்தினால் செல் உற்சாகமாகத் துடித்தது. பிடிக்காததைக் கவனி என்றதும் அதன் துடிப்பு தணிந்துவிட்டது. பிடித்த உருவம் இடம்பெயரவில்லை, மங்கவில்லை, அதே சன்னலுக்குள் அப்படியே இருந்தது. இருந்தும், கவனித்த உருவத்தைச் சுற்றி அந்தச் சன்னலே சுருங்கிவிட்டது போலச் செல் நடந்துகொண்டது! இதை முதன்முதலாகப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஆக, கவனம் என்பது விளக்கைத் திருப்பிக் காட்டுவது மட்டுமன்று. அது ஒரு பஞ்சாயத்து. பொருள்கள் தமக்குள் மல்லுக்கட்டும்போது நடுவில் புகுந்து, ஒருவர் பக்கம் சாய்ந்து பேசி, தகராறைத் தீர்த்து வைக்கிறது. ஒரு முறை தீர்த்தால் போதாது. கண் அடுத்த வரிக்குத் தாவியதும் புதுச் சன்னல்கள், புதுத் தகராறு.

மனிதர்களிடமும் இதுதான். நரம்பியலாளர் சபினே காஸ்ட்னரின் குழு 1998-இல் நான்கு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகவும் பிறகு ஒரே நேரத்திலும் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தது. சேர்த்துக் காட்டியபோது பார்வைப் பகுதிகளின் எதிர்வினை குறைந்தது. சன்னல் பெரிதாக உள்ள பகுதிகளில் அது இன்னும் அதிகமாகக் குறைந்தது. அந்தப் படங்களுக்குக் கவனம் கொடுத்ததும் அமுக்கம் தளர்ந்தது.

ஆய்வுக்கூடத்துப் படங்களிலிருந்து ஈசூன் மேசைக்குத் தாவுவது நீளத் தாண்டல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில் ஒரு கல் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஆய்வு அது. பாலர் வகுப்புக் குழந்தைகள் 24 பேர், சுவர் நிறையப் படங்கள் ஒட்டிய அறையிலும் வெறுஞ்சுவர் அறையிலும் மாறி மாறிப் பாடம் கேட்டார்கள். வெறுஞ்சுவர் அறையில் கற்ற பாடங்களில் 55 விழுக்காடு சரியான விடை. அலங்கார அறையில் 42 விழுக்காடு. சிறிய ஆய்வுதான்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். குரங்கு சிவப்புக் கோட்டைப் பார்ப்பதால் நாட்டுக்கு என்ன லாபம் என்று அன்று யாராவது கையெழுத்து மறுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சிங்கப்பூர் 2021 முதல் 2025 வரையான ஐந்தாண்டுக்கு ஆய்வுக்காக முதலில் ஒதுக்கிய தொகை 25 பில்லியன் வெள்ளி. அடுத்தடுத்த திட்டங்களிலும் இப்படிப்பட்ட "உதவாத" கேள்விகளுக்குத் தாராளமாக ஒரு பங்கு போகட்டும் என்பது என் ஆசை. அதே ஊரில், ஈசானிய மூலையில் சாமான் சேர்ந்தால் எதிர்மறை ஆற்றல் தங்கும் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய திசையில்தான் நம் வீடு. நரம்புச் செல்லுக்கு வடகிழக்கு தெரியாது. கண் எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

அதனால்தான், எல்லாரும் பாம் ஷெல்டர் என்று சொல்லும், வீட்டுக்குள்ளேயே உள்ள அந்த இரும்புக்கதவுப் பாதுகாப்பு அறைக்குள் என் மனைவி எதை அடைத்து வைத்தாலும் நான் வாய் திறப்பதில்லை. கண்ணில் படாத சாமான் யாருடைய சன்னலிலும் நுழையாது. பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரை அவசரமாகக் கூப்பிட வேண்டியதில்லை.

இன்னொரு நல்ல செய்தி, காஸ்ட்னரும் ஸ்டெபனி மெக்மெயின்ஸும் 2010-இல் கண்டது. தனித்தனித் துண்டுகள் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரிந்தால் அவற்றுக்கிடையே போட்டி தணிந்துவிடுகிறது. அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடுகு, சீரகம், மஞ்சள் என்று எத்தனை இருந்தாலும் கண்ணுக்கு அது ஒரே வட்டம். அதே பொருள்கள் ஏழு நிறப் பொட்டலங்களில் சிதறிக் கிடந்தால் ஏழு போட்டியாளர்கள்.

எனவே அந்தத் தாய்க்கு: மேசை முழுவதையும் துடைத்து வெறுமையாக்க வேண்டாம். போட்டி கடுமையாக இருப்பது அருகருகே கிடக்கும் பொருள்களுக்குள்தான். புத்தகத்தைச் சுற்றி ஒரு சாண் அகலம் காலியாக இருக்கட்டும். பென்சில் பெட்டிகள் ஒரே தட்டுக்குள் போகட்டும். பயிற்சித்தாள்களுக்கு மூடி போட்ட அட்டைப் பெட்டி போதும். உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பெட்டி தூசியைத்தான் தடுக்கும். பொம்மை மேசையின் மறுகோடிக்குப் போகலாம். மைலோவை மட்டும் உட்காருவதற்கு முன்பே குடித்து முடிக்கச் சொல்லுங்கள்.