சுவரில் ஃபோம் ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்காது

போன வாரம் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் கல்யாண மண்டபம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக ஓர் அறையின் நான்கு சுவர்களிலும் கூம்பு கூம்பான கறுப்பு ஃபோம் ஒட்டியிருந்தார்கள். கதவுக்கடியில் அரை அங்குல இடைவெளி. ஜன்னலுக்கு மேல் வென்டிலேட்டர் திறந்தே கிடந்தது. ‘இவ்வளவு செலவழித்தும் சத்தம் குறையவில்லையே சார்’ என்றார் வீட்டுக்காரர். இதே காட்சியை வீடு வீடாகப் பார்த்து மனம் சலித்துவிட்டது.

ஃபோம் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதை மட்டும் குறைக்கும். பாடல் பதிவுக் கூடங்களில் அதை ஒட்டுவது அதற்காகத்தான். அங்கே வெளிச்சத்தத்தைத் தடுப்பது ஃபோமுக்குப் பின்னால் இருக்கும் கனமான இரட்டைச் சுவரும் இறுக்கமான கதவும். படத்தில் ஃபோம் மட்டும் தெரிவதால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். முட்டை அட்டையாலும் பயனில்லை. தெர்மாகோல் வெயிலுக்கு உதவும், சத்தத்துக்கு உதவாது. ‘அப்படியானால் இன்னும் தடிமனான ஃபோம் போடலாமா?’ என்று இவ்வளவையும் கேட்ட பிறகும் கேட்கிறார்கள். வேண்டாம். கையில் தூக்கினால் கனம் தெரியாத எந்தப் பொருளும் அந்த வேலையைச் செய்யாது.

உங்கள் சுவர் ஏற்கெனவே நல்ல சுவர். இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் குறைக்கும். ஆனால் அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. எனவே முதல் செலவு இடைவெளிகளுக்கு. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளியே விளக்கைப் போட்டுக் கதவைப் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கதவுக்கடியில் ரப்பர் பட்டை, ஏசி குழாய்த் துளைக்குச் சிலிகான். நிலைக்கும் சுவருக்கும் நடுவே கலவை நிரப்பாமல் மேற்பூச்சு மட்டும் பூசிவிட்டுப் போன கொத்தனார் வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன், தட்டிப் பாருங்கள். தட்டினால் உள்ளே காலியாக ஒலிக்கும் கதவை மாற்றி, கனமான கதவு போடுங்கள். நகர்த்தித் திறக்கும் ஜன்னல் ஒருபோதும் இறுக மூடாது. கீல் வைத்து ரப்பரில் அழுந்தி மூடும் ஜன்னல் வேண்டும். முடிந்தால் உட்புறம் 4 அங்குலம் தள்ளி இரண்டாவது கண்ணாடி ஜன்னல்.

இவ்வளவு செய்தாலும் மண்டபத்து ஸ்பீக்கரின் ‘தம் தம்’ என்ற பேஸ் அதிர்வு ஓரளவு வரத்தான் செய்யும். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாட்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு அனுமதி தரலாம். மற்ற நாட்களில் காவல்துறையை அழையுங்கள், தயங்காதீர்கள்.

எல்லா வழியையும் அடைத்த அறைக்குள் கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிரவைக்கும். மண்டபம் அடங்கிய நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எனக்குத் தூக்கம் கெடுவது ஃபோம் தீப்பிடிப்பதை நினைத்துத்தான். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாண்டா மரியாவில், இரவு விடுதி ஒன்றின் கூரையில் ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 242 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது அதன் நச்சுப் புகை. ‘தீப்பிடிக்காது’ என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள் சுவிட்சுப் பெட்டி, ஏசி பிளக், சாமி விளக்கு ஆகியவற்றின் அருகே இருப்பதை இன்றைக்கே கிழித்தெடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.