ஒலிவழி மூளைத் தூண்டல்: ஒரு சொல் விளக்கம்

காதில் விழும் ஒலியைக் கொண்டு மூளையின் மின்னலைகளை மாற்ற முயலும் முறைக்கு ஆங்கிலத்தில் 'அகூஸ்டிக் ஸ்டிமுலேஷன்' என்று பெயர். நினைவாற்றல் பற்றிய அறிவியல் செய்திகளில் இப்போது அடிக்கடி தலைகாட்டும் இந்தத் தொடரைத் தமிழில் சிலர் 'ஒலி சிகிச்சை' என்கிறார்கள், சிலர் 'ஒலித்தூண்டல்' என்கிறார்கள். விளம்பரக்காரர்கள் 'நினைவாற்றல் இசை' என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள்.

மூன்றில் நடுவில் உள்ளது மட்டுமே பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது. சிகிச்சை என்றால் ஒரு நோய் இருக்க வேண்டும், அது தணிந்ததற்குச் சான்றும் இருக்க வேண்டும். இத்துறையின் பேர்பெற்ற சோதனைகள் பலவும் நலமாக இருப்பவர்களிடம் நடந்தவை. இசை என்பதோ கொஞ்சமும் பொருந்தாது. உறக்க ஆய்வுக்கூடத்தில் ஒலிப்பது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் ஓர் இரைச்சல். அதை விரும்பிக் கேட்க யாரும் காசு கொடுக்கமாட்டார்கள்.

'அகூஸ்டிக்' என்பதன் வேர் கேட்டலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆகவே அது வெறும் ஒலியைச் சுட்டுவதில்லை, செவியையும் சேர்த்துச் சுட்டுகிறது. 'ஸ்டிமுலேஷன்' இலத்தீனின் 'ஸ்டிமுலுஸ்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு மாட்டை விரட்டும் தார்க்குச்சி என்று பொருள். குத்தினால் மாடு நடக்கும், மாட்டின் விருப்பம் கணக்கில் இல்லை.

தமிழின் 'தூண்டு' வேறு இடத்தில் பிறந்த சொல். விளக்கின் திரியை முன்னே தள்ளிச் சுடரை எழுப்புவதுதான் தூண்டுதல். அதற்கான குச்சி தூண்டுகோல், அந்த வேலையே தேவைப்படாதது தூண்டா விளக்கு. பின்னாளில்தான் ஊக்குவித்தல், கிளறிவிடுதல் என்ற பொருள்கள் இதில் ஏறின. இந்த ஆய்வைப் பொறுத்தவரை இலத்தீனைவிடத் தமிழே துல்லியம் என்பேன். தூண்டுகோல் எண்ணெய் ஊற்றுவதில்லை, ஏற்கெனவே எரிகிற சுடரைத்தான் உயர்த்துகிறது. உறங்கும் மூளையில் ஒலி செய்வதும் அதுதான்: புதிய அலையைப் படைப்பதில்லை, தானாக எழும் அலையைச் சற்றே கூட்டுகிறது.

அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல்லின் பொருளும் விளங்கும். ஆழ்ந்த உறக்கத்தில் மூளையின் வெளியடுக்கான புறணியின் நரம்பணுக்கள் பெருந்திரளாகச் சேர்ந்து அடங்குகின்றன, சேர்ந்து எழுகின்றன. ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, அல்லது அதைவிடச் சற்று மெதுவாக நிகழும் இந்த ஏற்ற இறக்கத்தை மெதுவலை எனலாம். (சிலர் எழுதும் 'மெல்லலை' எனக்கு உடன்பாடில்லை. வேகம்தான் குறைவு; உயரத்தில் இது மூளையின் மிகப் பெரிய அலைகளுள் ஒன்று.) அலையின் ஏறுமுகத்தில், நொடிக்கு 12 முதல் 15 வரை துடிக்கும் சிறு அலைக்கொத்துகள் தோன்றுகின்றன. பகலில் கற்றவற்றை முதலில் பற்றிவைத்திருக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி, இந்த நேரத்தில் அவற்றை மீண்டும் இயக்கிப் புறணியில் நிலைபெறச் செய்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

2013இல் ஹாங்-வியட் நோ, யான் போர்ன் முதலியோர் ஜெர்மனியில் நடத்திய ஆய்வு இந்த ஏறுமுகத்தைத்தான் குறிவைத்தது. பங்கேற்றவர்கள் 11 பேர். மாலையில் 120 சொல் இணைகளை மனப்பாடம் செய்துவிட்டுத் தலையில் மின்வாய்களோடு படுத்தார்கள். கணினி அவர்களுடைய அலையைக் கவனித்தது. அலை பள்ளத்தைத் தொட்டதும், அடுத்த ஏற்றத்தில் போய் விழும்படி கணக்கிட்டு 50 மில்லிநொடி இரைச்சல் ஒன்று, ஒரு நொடிக்குச் சற்று மேல் இடைவெளி விட்டு இன்னொன்று. அவ்வளவுதான். காலையில் கேட்டபோது, ஒலி இல்லாத இரவைவிட அந்த இரவுக்குப் பிறகு அதிகமான இணைகள் நினைவில் இருந்தன. அதே ஒலியை அலையோடு பொருந்தாத நேரத்தில் கொடுத்தபோது பயன் இல்லை.

ஆக, இந்த முறையின் உயிர் ஒலியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் 'குளோஸ்டு லூப்' என்கிறார்கள். 'மூடிய சுற்றுத் தூண்டல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மின்கம்பி வேலை போலத் தோன்றுகிறது. எது எதைச் சுற்றுகிறது என்று வாசகருக்குப் புரியாது. 'அலைக்கிசைந்த தூண்டல்' என்றால் போதும். ஒலிக்கும் அந்த இரைச்சலை 'இளஞ்சிவப்பு இரைச்சல்' என்பதில் மட்டும் மாற்றுச் சொல் தேட வேண்டியதில்லை. தாழ்ந்த அதிர்வெண்களில் ஆற்றல் மிகுந்த ஒலிக்கு ஒளியின் நிறத்தை ஒப்பிட்டு வைத்த பெயர் அது. தமிழிலும் அப்படியே நிற்கிறது.

அலை உயர்ந்தால் நினைவும் உயருமா? செய்தி எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 2015இல் அதே குழுவினர் இரண்டு ஒலிகளோடு நிறுத்தாமல், அலை தொடரும் வரை ஒலியைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை. அலைக்கொத்துகள் ஒரு முறை எழுந்தபின் சிறிது நேரம் மீண்டும் எழ மறுத்தன. 2017இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 60 முதல் 84 வயது வரையிலான 13 பேரிடம் சோதித்து, சொற்களை நினைவுகூர்வதில் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். 2019இல் வேறொரு குழு வெளியிட்ட ஆய்வில் அலைகள் எதிர்பார்த்தபடியே உயர்ந்தன, நினைவு மட்டும் உயரவில்லை. எல்லாம் சிறிய எண்ணிக்கையிலான ஆட்களை வைத்துச் செய்தவை என்பதையும் மறக்கலாகாது. எனவே 'நினைவுத் தூண்டல்' என்ற தொடரை நான் ஏற்கமாட்டேன். தூண்டப்படுவது மூளையின் அலை. நினைவு அதன் பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

'ஒலித்தூண்டல்' என்று சேர்த்து எழுதுவதிலும் ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. ஒலியால் தூண்டலா, ஒலியைத் தூண்டலா? தொகையில் உருபு மறைந்துவிடுவதால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. 'ஒலிவழி மூளைத் தூண்டல்' சற்று நீளம்தான், ஆனால் கருவி எது, இலக்கு எது என்ற ஐயம் எழாது. முதல் முறை முழுமையாக எழுதிவிட்டுப் பிறகு 'ஒலிவழித் தூண்டல்' என்று குறைத்துக்கொள்ளலாம்.

இதன் அருகில் வைத்துக் குழப்பப்படும் சொற்கள் சில. முதலாவது, உறக்கத்தில் நினைவூட்டும் குறிப்பொலி. 2009இல் நார்த்வெஸ்டர்னில் நடந்த சோதனையில் 50 பொருள்களின் படங்கள் திரையில் எங்கெங்கே இருந்தன என்று கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய ஒலி கூடவே ஒலித்தது: பூனைக்கு மியாவ், கெண்டிக்குச் சீழ்க்கை. பிறகு பங்கேற்றவர்கள் உறங்கும்போது 25 ஒலிகளை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டார்கள். விழித்தபின் அந்த 25 பொருள்களின் இடங்களை மற்றவற்றைவிடத் துல்லியமாகக் காட்டினார்கள், ஒலித்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாமலே. இங்கே ஒலிக்குப் பொருள் உண்டு. மேலே சொன்ன இரைச்சலுக்குப் பொருள் கிடையாது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது சரியல்ல.

அடுத்தது 'பைனாரல் பீட்ஸ்'. நம் இயற்பியல் பாடநூல்களில் 'பீட்ஸ்' என்பதற்கு 'விம்மல்' என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஒலி பெருத்துச் சிறுத்து வரும் நிலை. ஒரு காதில் 400 ஹெர்ட்ஸ், மறு காதில் 406 ஹெர்ட்ஸ் கொடுத்தால், காற்றில் கலக்காமலே நொடிக்கு ஆறு முறை ஒலி விம்முவதாகத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் வில்ஹெல்ம் டோவே கண்டது இது. 'இருசெவி விம்மல்' என்று எழுதலாம். இதைக் கேட்டால் நினைவு கூடும் என்று சொல்லும் செயலிகளுக்குக் குறைவில்லை. ஆய்வு முடிவுகளோ ஒன்றுக்கொன்று முரணானவை.

நொடிக்கு 40 முறை ஒலிக்கும் துடிப்பொலி மூன்றாவது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லி-ஹுவே சாய் குழுவினர் 2019இல், அல்சைமர் மறதிநோய் போன்ற நிலைக்கு மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் ஒரு வாரம் இதைக் கேட்கச் செய்தார்கள். மூளையில் அந்நோயின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதப் படிவு குறைந்தது, நினைவுச் சோதனைகளிலும் அவை தேறின. சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே எழுதிவிடும் தலைப்புகளை மட்டும் ஐயத்தோடு படிக்க வேண்டும்.

மீயொலியையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். மண்டையோட்டின் வழியாக மூளையின் ஒரு சிறு புள்ளியில் குவிக்கப்படும் அந்த அதிர்வு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது, காதுக்கு எட்டாதது. அது நரம்பணுவைத் தாக்குவது செவியின் வழியாக அல்ல, திசுவில் ஏற்படும் இயந்திர அழுத்தத்தால். அதற்குக் 'குவிமீயொலித் தூண்டல்' என்று தனிப் பெயர் வைத்துத் தனியே எழுதுவதே முறை.