ரத்தம் திரும்பும்போது கல்லீரலுக்கு என்ன ஆகிறது?

"என் அண்ணனுக்குக் கல்லீரலில் கட்டி எடுத்தார்கள். நடுநடுவே ரத்த ஓட்டத்தை அடைத்து அடைத்துத் திறந்தார்களாம். ஒரேயடியாக அடைத்து வேலையை முடித்தால் என்ன?" செந்தூலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கல்லீரலுக்குள் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து ரத்தப்போக்கை நிறுத்தும் முறையை 1908-இல் விவரித்தவர் கிளாஸ்கோ அறுவை மருத்துவர் பிரிங்கிள். இன்று பெரும்பாலும் 15 நிமிடம் பிடி, 5 நிமிடம் விடு என்பது கணக்கு. ரத்தம் நிற்பது ஒரு கேடு என்றால் அது திரும்பி வருவது இன்னொரு கேடு.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டு நாள் தண்ணீர்த் தடை முடிந்து குழாயைத் திறந்தால் முதலில் காற்று சீறும், அப்புறம் துருநிறத்தில் தண்ணீர் கொட்டும். அவசரப்பட்டுப் பள்ளிச் சீருடையை நனைத்தவர் பாடு திண்டாட்டம்தான். துரு புதிதாக வந்ததல்ல. உள்ளே கிடந்தது கிளம்புகிறது. செல்லுக்குள்ளும் அப்படி ஒரு சரக்கு தேங்கிக் கிடக்கும். அதன் பெயர் சக்சினேட்.

உணவிலிருந்து செல் ஆற்றல் எடுக்கும், பள்ளியில் படித்த கிரெப்ஸ் சுழற்சியில் வந்து போகும் சாதாரணப் பொருள்தான் அது. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் எலக்ட்ரான்கள் புரதத் தொகுதிகளிடையே கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர வேண்டும். ஆக்சிஜன் வராவிட்டால் வரிசை நின்றுவிடும், சக்சினேட் குவியும். சுண்டெலியின் கல்லீரல், இதயம், சிறுநீரகம், மூளை எல்லாவற்றிலும் இது குவிவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள்.

இனி வருவதுதான் நான் திரும்பத் திரும்பப் படித்து ரசித்த இடம். ரத்தம் திரும்பியதும், குவிந்த சக்சினேட் அந்தப் புரதத் தொகுதிகளில் இரண்டாம் தொகுதி வழியாக மளமளவென்று எரிகிறது. எலக்ட்ரான்களைச் சுமக்கும் யூபிகுவினோனில் இடமே இல்லை. முன்னே போக முடியாத எலக்ட்ரான்கள் வந்த திசையிலேயே திரும்பி முதல் தொகுதிக்குள் புகுகின்றன. வழக்கமாக அவை கிளம்பும் வாசல் அது! அங்கே ஒவ்வொன்றாக ஆக்சிஜனில் தொற்றிக்கொண்டு அதைச் சூப்பர்ஆக்சைடாக்குகின்றன. மூச்சுக்கு வந்த ஆக்சிஜனே சவ்வையும் புரதத்தையும் அரிக்கத் தொடங்கிவிடும். இத்தனையும் முதல் சில நிமிடங்களில்.

மற்றதெல்லாம் இதன் பின்னால் வரும். கால்சியம் உள்ளே நிறையும். மைட்டோகாண்டிரியாவின் ஒரு துளையை அதுவரை மூடி வைத்திருந்த அமிலத்தன்மையை ரத்தம் கழுவிவிடும். துளை திறந்தால் செல் சாகும். கல்லீரலிலேயே குடியிருக்கும் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் அழற்சியைக் கிளப்ப, சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் திரண்டு வரும்.

அண்ணனுக்கு விட்டுவிட்டு அடைத்தது இந்தச் சரக்கு அதிகம் சேராமல் பார்த்துக்கொள்ளத்தான். இரவுச் சந்தையில் 'கல்லீரலைக் கழுவும்' பொடி விற்பவரிடம் இதற்கும் ஒரு டப்பா இருக்கும். வாங்காதீர்கள். மைட்டோகாண்டிரியாவுக்குள் நிமிடக் கணக்கில் நடப்பதை வயிற்றுக்குள் போன பொடி எப்படிப் பிடிக்கும்?

மாற்றுக் கல்லீரலுக்கு இப்போது வேறொரு வழி உண்டு. பொருத்தும் முன் ஒன்றிரண்டு மணி நேரம், 10 டிகிரி அளவில் குளிர்ந்த, ஆக்சிஜன் கலந்த திரவத்தை இயந்திரம் அதற்குள் செலுத்துகிறது. குளிரில் சக்சினேட் மெதுவாக எரிந்து தீர்ந்துவிடும். ரத்தம் அப்புறம்தான் வரும்.