சக ஊழியரிடம் சம்பளத்தைப் பேசலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தொழிலாளர் வழக்குகளைக் கவனித்துவரும் வழக்கறிஞர் என்ற முறையில், சம்பளத்தைப் பற்றிப் பேசினால் வேலை போய்விடும் என்று அஞ்சி வாய் திறக்காதவர்களையே நான் அதிகம் சந்திக்கிறேன். கூட்டு ஒப்பந்தம் உள்ள தோட்டங்களில் வெளிக்காட்டு வேலைக்கு இன்ன கூலி என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் பட்டணத்துக் கடைகளிலும் கிளினிக்குகளிலும் தொழிற்சாலைகளிலும் சேரும்போதுதான், சம்பள விவரத்தை யாரிடமும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை நியமனக் கடிதத்தில் நுழைகிறது.

ஒரு பெண் இரண்டு சம்பளச் சீட்டுகளுடன் என்னிடம் வந்தார். ஒன்று அவருடையது, மற்றொன்று, அவருக்குப் பின்னர் அதே பிரிவில் சேர்ந்த ஆண் ஊழியர் தாமே முன்வந்து கொடுத்தது. அடிப்படைச் சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான். அந்த ஆணின் சீட்டில் மட்டும் 'நிலையான அலவன்ஸ்' என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. வேலை, ஷிப்ட், பொறுப்பு எதிலும் வேறுபாடு இல்லை. 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டாலே முதலாளியின் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். பாகுபாடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின் 69F பிரிவின்படி, வேலையிடப் பாகுபாடு குறித்த தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். அந்த உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. பாகுபாடு எது என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை என்பது என் பார்வையில் பெருங்குறை. அனுபவம், தகுதி, கூடுதல் பொறுப்பு ஆகியவற்றால் வரும் வேறுபாட்டை முதலாளி நியாயப்படுத்தலாம் என்பதால், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் காட்டாமல் புகார் நிற்காது. சக ஊழியர்கள் பேசிக்கொள்ளாமல் அந்த ஒப்பீடு கிடைக்காது.

இப்படி ஒப்பிட்டுப் பேசுவது நமக்குப் புதிதும் அல்ல. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழர்கள், சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலியையும் கேட்டார்கள்.

சம்பள ரகசிய நிபந்தனையை நேரடியாகத் தடைசெய்யும் பிரிவு நம் வேலைச் சட்டத்தில் இல்லை. பாகுபாட்டைக் கண்டறிவதற்காகச் சம்பளம் பேசுபவரைப் பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் காப்பதைப் போல இங்கும் ஒரு பிரிவு வந்தே ஆக வேண்டும். அதுவரை, உங்கள் சொந்தச் சம்பளத்தை மட்டும் பேசுங்கள். அலுவலகக் கோப்பிலிருந்து பிறருடைய சீட்டை நகலெடுப்பது வேறு விவகாரம், அது உங்கள் மீதே ஒழுங்கு நடவடிக்கையாகத் திரும்பலாம். ஆனால் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யும் உரிமையை அது பறிக்க முடியாது. பேசியதற்காக வேலையை விட்டு நீக்கினால், 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் 60 நாட்களுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். சமாதானம் பேசிக்கொண்டே அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.